கருவியை நாமே மாட்டுவோம், நாமே கழற்றுவோம்
மினி டிராக்டருக்குக் குயிக் ஹிட்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

(வேளாண் இயந்திர வாடகை மையம் நடத்தும் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சியில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. பயிற்சிக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



இன்றைக்கு நாம் பேசப்போவது சேமிப்பு பற்றியோ, வங்கிக் கடன் பற்றியோ, பதிவேடு பற்றியோ அல்ல. டிராக்டரின் பின்பக்கம் கருவி மாட்டுகிற மூன்று பின்களைப் பற்றிப் பேசப்போகிறோம். "இது மெக்கானிக் பேச வேண்டிய விஷயமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று யாராவது நினைத்தால், கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேளுங்கள். வாடகை மையம் நம்முடையது என்றால் அந்த மூன்று பின்களும் நம்முடைய விஷயம்தான்.

நம் குழுக்களில் பலர் இன்று மினி டிராக்டர் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறோம். ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை, பார் ஓட்டும் கலப்பை, சில இடங்களில் விதைப்புக் கருவி என்று மூன்று நான்கு கருவிகள் இருக்கின்றன. இப்போது சில மாதங்களாக விற்பனையாளர்கள் வந்து, "குயிக் ஹிட்ச் போட்டுக்குங்க, சீட்டை விட்டு இறங்காமலே கருவி மாட்டலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வாங்கலாமா, எதை வாங்குவது என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. முதலில் அளக்க வேண்டும், பிறகு கணக்குப் போட வேண்டும், கடைசியில்தான் கடைக்குப் போக வேண்டும்.

ஏன் இதைப் பேச வேண்டும்?

மையங்களுக்கு நாங்கள் போகும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். டிராக்டர் ஓட்டப் பழகிய தங்கைகள் இருக்கிறார்கள். வயலில் நேர்த்தியாக ஓட்டுகிறார்கள், வரப்பு ஓரத்தில் திருப்புகிறார்கள். ஆனால் ரோட்டவேட்டரைக் கழற்றிக் கலப்பையை மாட்ட வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அண்ணனையோ, பட்டறைப் பையனையோ கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் வேலைக்குப் போயிருந்தால் அன்றைக்கு டிராக்டர் நின்றுவிடும். "நாளைக்கு வர்றோம்" என்று சொன்னால் விவசாயி வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார். மழை பெய்த ஈரத்தில் உழவு காத்திருக்காது.

இது வாடகை போகிற கதை. உயிர் போகிற கதை இன்னொன்று இருக்கிறது. கருவி மாட்டும்போது ஒருவர் டிராக்டரைப் பின்னால் எடுப்பார், இன்னொருவர் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவில் நின்று, "வாங்க வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டுவார். கிளட்சிலிருந்து கால் நழுவினால் நடுவில் நிற்பவருக்கு ஒதுங்க இடமே கிடையாது. இருநூறு கிலோவுக்கு மேல் இருக்கிற ரோட்டவேட்டரைக் கம்பி வைத்து நெம்பி, பின் நுழைகிற அளவுக்கு நகர்த்தும்போது விரல் மாட்டிக்கொள்வதும் உண்டு.

ஆகவே ஹிட்ச் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு சீக்கிரம் மாட்டும்?" என்பதல்ல. "நம் வீட்டுப் பெண் ஒருத்தி தனியாக, நடுவில் யாரையும் நிறுத்தாமல், இதை மாட்டிக் கழற்ற முடியுமா?" என்பதுதான்.

மூன்று புள்ளி இணைப்பு

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இருப்பவை கீழ் லிங்க், மேலே திருகி நீட்டிக் குறைக்கிற கம்பி டாப் லிங்க். இந்த மூன்று இடத்தில் கருவி மாட்டுவதால் மூன்று புள்ளி இணைப்பு என்று பெயர். அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவர் 1920-களில் உருவாக்கி, 1926-ல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டிலிருந்து வந்தது இது. அதற்கு முன் டிராக்டர் கலப்பையை மாடு மாதிரி இழுத்துக்கொண்டுதான் போனது. கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக் கவிழ்கிற ஆபத்து இருந்தது. மூன்று புள்ளியில் கட்டிய பிறகு கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பு மாதிரி ஆகிவிட்டன. 1939-ல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வந்த டிராக்டருக்குப் பிறகு இது உலகம் முழுவதும் பரவியது.

எல்லா நிறுவனத்தின் கருவியும் எல்லா டிராக்டருக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக இதற்குப் பொது அளவுகள் வைத்திருக்கிறார்கள். வகை 1, வகை 2 என்று அவற்றுக்குப் பெயர். நம்மிடம் இருக்கிற சின்ன டிராக்டர்கள் பெரும்பாலும் வகை 1 அல்லது வகை 1-என். இந்த 'என்' என்கிற எழுத்து குறுகலானது என்பதைக் குறிக்கிறது. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிடாதீர்கள். வாங்கிய ஹிட்ச் பொருந்தாமல் கொட்டகையில் கிடப்பதற்கு அந்த ஒரு எழுத்து போதும்.

அளப்போம், எழுதுவோம்

டேப் ஒன்று, நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டிராக்டரை மட்டும் அளந்தால் போதாது. நம்மிடம் இருக்கும் ஒவ்வொரு கருவியையும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் நான்கு அளவு.

முதல் அளவு, கருவியின் கீழ்ப் பின்னின் பருமன். வகை 1, வகை 1-என் இரண்டிலும் இது 22 மில்லிமீட்டர். வகை 2 என்றால் 28 மில்லிமீட்டர்.

இரண்டாவது, மேல் பின்னின் பருமன். வகை 1-ல் 19 மில்லிமீட்டர். வகை 2-ல் சுமார் 25 மில்லிமீட்டர்.

மூன்றாவது, இரண்டு கீழ்ப் பின்களுக்கும் நடுவே உள்ள அகலம். பின்னின் நுனியிலிருந்து அளக்கக் கூடாது. பின் தொடங்குகிற தோள் இருக்குமில்லையா, அந்தத் தோளிலிருந்து எதிர்த் தோள் வரை அளக்க வேண்டும். வகை 1-ல் இது 683 மில்லிமீட்டர், அதாவது 27 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வகை 1-என் என்றால் 400 மில்லிமீட்டர், 16 அங்குலம்கூட வராது. பெரிய டிராக்டரின் வகை 2-ல் 825 மில்லிமீட்டர்.

நான்காவது, கீழ்ப் பின்னிலிருந்து மேல் பின் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. வகை 1 கருவியில் இது 460 மில்லிமீட்டர் என்பது பொது அளவு, ஏறக்குறைய 18 அங்குலம். இதை யாரும் அளப்பதில்லை. ஆனால் பல இடங்களில் குயிக் ஹிட்ச் தோற்றுப்போவது இங்கேதான். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

"கருவியெல்லாம் ஒரே அளவாத்தானே இருக்கும்?" என்று ஒரு அக்கா கேட்கிறார். இருக்க வேண்டும் அக்கா. ஆனால் இருப்பதில்லை. கம்பெனியில் வாங்கிய ரோட்டவேட்டர் ஒரு அளவில் இருக்கும். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த கொத்துக் கலப்பை இன்னொரு அளவில் இருக்கும். பழைய பெரிய டிராக்டரோடு வந்த கருவியைப் புஷ் போட்டு ஓட்டிக்கொண்டிருப்போம். கையால் பின் மாட்டும்போது கீழ் லிங்க்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்து எப்படியோ சமாளித்துவிடுகிறோம். அதனால் வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. குயிக் ஹிட்ச் அப்படி வளைந்து கொடுக்காது. அளவு சரியாக இருந்தால்தான் கவ்வும்.

ஹிட்ச் நான்கு விதம்

கடையில் எல்லாவற்றையும் குயிக் ஹிட்ச் என்றே சொல்வார்கள். ஆனால் அவை வேறு வேறு.

முதலாவது, முழுச் சட்டம். கதவு நிலை மாதிரி ஒரு இரும்புச் சட்டம். அது டிராக்டரின் மூன்று புள்ளியிலும் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதில் கீழே இரண்டு கொக்கி, மேலே ஒரு கொக்கி. டிராக்டரைப் பின்னால் எடுத்து, ஹைட்ராலிக்கைத் தூக்கினால் கொக்கிகள் கருவியின் பின்களைக் கவ்வும், லீவர் பூட்டும். நடுவில் ஆள் நிற்க வேண்டாம். இதில் நல்லது அதுதான். ஆனால் எல்லாக் கருவியும் ஒரே அகலம், ஒரே உயரம் இருக்க வேண்டும். கொக்கியின் வாய் பெரியது என்பதால் 22 மில்லிமீட்டர் பின்மேல் சுமார் 36 மில்லிமீட்டர் பருமனுள்ள புஷ் போட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி செட் தேவை. அமெரிக்க அளவில் செய்த சட்டங்களில் மேல் கொக்கி கீழ்க் கொக்கியிலிருந்து 15 அங்குல உயரத்தில் இருக்கும். நம் கருவியில் மேல் பின் 18 அங்குலத்தில் இருந்தால் எப்படிக் கவ்வும்? ஆகவே மேல் கொக்கியை ஏற்றி இறக்கி வைக்க வழி இருக்கிற சட்டம்தான் நமக்கு உதவும். மேல் பின்னைச் சுற்றிக் கொக்கி நுழைய இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முக்கோணச் சட்டம். டிராக்டரில் ஒரு முக்கோணம் மாட்டியிருக்கும். அதற்கு ஜோடியான இன்னொரு முக்கோணம் ஒவ்வொரு கருவியிலும் பொருத்தியிருக்க வேண்டும். டிராக்டர் பின்னால் வந்து தூக்கினால் ஒன்று மற்றொன்றுக்குள் தொப்பி போட்ட மாதிரி உட்காரும். கருவிகளின் அகலம் வேறு வேறாக இருந்தாலும், எல்லாவற்றிலும் ஒரே ஜோடி இருப்பதால் பிரச்சினை வராது. ஆனால் கருவி எத்தனையோ அத்தனை ஜோடி வாங்கிப் பொருத்த வேண்டும். நல்ல வெல்டர் வேண்டும்.

மூன்றாவது, கொக்கி நுனி. சட்டம் எதுவும் இல்லை. கீழ் லிங்க்கின் நுனியே மேல்நோக்கித் திறந்த கொக்கியாக இருக்கும். கருவியின் பின்னில் உருண்டையான புஷ் போட்டிருப்போம். கொக்கி கீழிருந்து தூக்கியதும் உருண்டை அதற்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். லிங்க் பக்கவாட்டில் அசையும் என்பதால் அகலத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஒத்துப்போகும். கருவி பின்னால் தள்ளிப் போகாது. ஆனால் இரண்டு கொக்கியையும் இரண்டு உருண்டைக்கும் நேராகக் கொண்டுவர ஓட்டுகிறவருக்குப் பழக்கம் வேண்டும். நம் டிராக்டர் மாடலுக்கு அந்த நுனி கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, நீட்டுகிற நுனி. இது குயிக் ஹிட்ச் என்று விளம்பரத்தில் வராது, ஆனால் சின்ன மையத்துக்கு ரொம்ப உதவியானது. கீழ் லிங்க்கின் நுனி ஒரு பூட்டை எடுத்தால் கொஞ்சம் வெளியே நீளும். டிராக்டரைத் துல்லியமாக நிறுத்த வேண்டியதில்லை. ஏறக்குறைய பக்கத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கை பிரேக் போட்டு, இறங்கி வந்து, நுனியை நீட்டிக் கருவியின் பின்னில் மாட்டலாம். பிறகு சீட்டில் ஏறி டிராக்டரை மெல்லப் பின்னால் எடுத்தால் நுனி உள்ளே போய்த் தானே பூட்டிக்கொள்ளும். சில டிராக்டர்களில் இது வாங்கும்போதே இருக்கும். நம் டிராக்டரில் இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? இன்றைக்குப் போனதும் பாருங்கள்.

சட்டம் போட்டால் மாறுகிற இரண்டு விஷயங்கள்

சட்டம் வைத்தால் கருவி நான்கு ஐந்து அங்குலம் பின்னால் தள்ளிப் போகும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மினி டிராக்டருக்குச் சின்ன விஷயம் அல்ல.

முதலில் பாரம். கையில் ஒரு குடம் தண்ணீரை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். குடம் அதேதான், ஆனால் கை வலிக்கும். டிராக்டருக்கும் அப்படியே. சட்டத்தின் எடை முப்பது நாற்பது கிலோ வரை வரும், அதோடு கருவியும் தள்ளிப் போகிறது. தூக்கும் திறன் குறையும், முன் சக்கரம் லேசாகிவிடும். கருவியைத் தூக்கிய நிலையில் வரப்பு ஏறும்போது முன் சக்கரம் மண்ணைத் தொடாமல் மிதந்தால் ஸ்டியரிங் கேட்காது. மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. டிராக்டர் புத்தகத்தில் தூக்கும் திறன் எத்தனை கிலோ, அது லிங்க் நுனியில் அளந்ததா, நுனிக்குப் பின்னால் தள்ளி அளந்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. தேவைப்பட்டால் முன்னால் எடைக்கட்டி போட வேண்டும்.

இரண்டாவது, பி.டி.ஓ. ஷாஃப்ட். ரோட்டவேட்டருக்குச் சுழற்சி கொடுக்கிற அந்தத் தண்டு இரண்டு குழாயாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். கருவி பின்னால் போனால் குழாய்கள் விலகும். வேலை செய்யும் நிலையில் குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் சுற்றும்போது கழன்று சாட்டை மாதிரி அடிக்கும். அதே நேரம், கருவியைத் தூக்கி இறக்கும்போது குழாய் முழுவதும் உள்ளே போய் முட்டவும் கூடாது. முட்டினால் கியர் பெட்டி கெடும். சட்டம் பொருத்திய அன்றே, என்ஜினை அணைத்துவிட்டு இதை அளக்க வேண்டும். ஷாஃப்ட் போதவில்லை என்றால் அந்தச் செலவையும் ஹிட்ச் கணக்கில் சேர்க்க வேண்டும். விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார்.

முந்தானை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறோம். "குயிக் ஹிட்ச் இருந்தா இறங்கவே வேண்டாம்" என்பது பாதி உண்மைதான். அது கருவியைத்தான் மாட்டும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டை நாம்தான் இறங்கிக் கையால் மாட்ட வேண்டும். கலப்பைக்கு இறங்க வேண்டாம், ரோட்டவேட்டருக்கு இறங்கத்தான் வேண்டும்.

பி.டி.ஓ.வின் வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு வினாடிக்கு 9 சுற்று. டிராக்டரிலிருந்து வெளியே தெரிகிற தண்டு 35 மில்லிமீட்டர் பருமன். அதன் சுற்றளவு 11 சென்டிமீட்டர். புடவை நுனியோ, துப்பட்டாவோ, பின்னலோ அதில் மாட்டினால் ஒரே வினாடியில் சுமார் ஒரு மீட்டர் துணியைச் சுருட்டிவிடும். ஜாயிண்ட் இருக்கிற இடம் இன்னும் பருமன், இன்னும் வேகமாகச் சுருட்டும். "ஐயோ" என்று சொல்லவும் நேரம் இருக்காது.

ஆகவே எந்த ஹிட்ச் வாங்கினாலும் சரி, இந்த விதிகள் மாறாது. பி.டி.ஓ. லீவரை நிறுத்து, என்ஜினை அணை, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள், சுழல்வது முழுவதும் நின்றபின் கிட்டே போ. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அந்தக் கருவி வாடகைக்குப் போகக் கூடாது. டிராக்டர் வேலைக்குச் சுடிதாரோ, பேண்ட் சட்டையோ, இல்லாவிட்டால் புடவைமேல் பொத்தான் போட்ட சட்டையோ அணிந்து, முந்தானையை இறுகச் செருகி, கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். "ஊர்ல என்ன சொல்வாங்க?" என்கிற கேள்வி வருகிறது. ஊர் ஒரு வாரம் பேசும். பிறகு பழகிவிடும். கை போனால் திரும்ப வராது.

இன்னொன்று. டிரெய்லரோ, மரக்கட்டையோ, சேற்றில் மாட்டிய வண்டியோ, எதை இழுத்தாலும் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் கட்டித்தான் இழுக்க வேண்டும். ஹிட்ச் சட்டத்தின் மேல் கொக்கியில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாகக் கவிழும்.

நமக்குத் தேவையா? ஒரு கணக்கு

நம் மையத்தின் வேலைப் பதிவேட்டை எடுங்கள். போன பருவத்தில் எத்தனை நாள், எத்தனை முறை கருவி மாற்றினோம் என்று எண்ணுங்கள்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு இரண்டு முறை மாற்றுகிறோம். இப்போது ஒரு முறைக்கு அரை மணி நேரம் ஆகிறது, ஹிட்ச் இருந்தால் பத்து நிமிடம். நாளைக்கு 40 நிமிடம் மிச்சம். வாடகை மணிக்கு 600 ரூபாய் என்றால் 400 ரூபாய். வேலை மும்முரமான 60 நாளுக்கு 24,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 40 நிமிடத்துக்கும் வேலை இருந்தால்தான் பணம். டிராக்டர் சும்மா நின்றால் மிச்சப்பட்ட நேரத்துக்கு யார் கூலி தருவார்கள்?

நெல் பகுதியில் ஒரு மையம் பருவம் முழுவதும் ரோட்டவேட்டரைக் கழற்றாமலே ஓட்டும். அவர்களுக்கு ஒரு வருடத்தில் நாலைந்து மாற்றம்தான். அவர்கள் முழுச் சட்டம் வாங்கினால் பணம் இரும்பில் தூங்கும். நீட்டுகிற நுனி, நல்ல லாக் பின், சிமெண்டுத் தளம் போதும். காய்கறி, மஞ்சள், நிலக்கடலை என்று கலந்து செய்கிற ஊரில் சின்னச் சின்னத் துண்டு நிலம். காலையில் உழவு, மதியம் பார் ஓட்டுதல். அங்கே குயிக் ஹிட்ச் உண்மையில் உதவும். பக்கத்துக் குழு வாங்கியது என்பதற்காக நாமும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ரூபாய்க் கணக்கு மட்டும் போதாது. இப்போது மாற்றும் வேலைக்கு வெளி ஆளைக் கூப்பிடுகிறோம் என்றால், அந்த ஆள் வராத நாட்களையும் எண்ணுங்கள். ஹிட்ச் வந்தபின் அந்தத் தங்கை தனியாக மாற்றுவாள் என்றால் அது லாபம். ஹிட்ச் வந்த பிறகும் அதே ஆளைத்தான் கூப்பிடப் போகிறோம் என்றால், நாம் வாங்கியது வெறும் இரும்பு.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

தீர்மானம் போடும் முன் இவற்றை முடியுங்கள்.

1. டிராக்டர், எல்லாக் கருவி ஆகியவற்றின் நான்கு அளவையும் ஒரே தாளில் எழுதி மையத்தில் ஒட்டுங்கள். ஒத்துப்போகாத கருவிக்கு நேரே சிவப்புக் கோடு போடுங்கள்.

2. சிவப்புக் கோடு போட்ட கருவியை லேத் பட்டறையில் புஷ் போட்டோ, பின்னை மாற்றியோ சரிசெய்ய முடியுமா, எவ்வளவு செலவு என்று முதலில் கேளுங்கள். பல நேரம் கருவியின் அளவைச் சரிசெய்வதே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

3. மானியத்தில் வாங்கிய கருவியாக இருந்தாலும், வாரண்டி உள்ள கருவியாக இருந்தாலும், வெட்டுவதற்கோ வெல்டிங் செய்வதற்கோ முன் வேளாண்மைப் பொறியியல் துறை உதவிப் பொறியாளரிடமும் டீலரிடமும் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள்.

4. குறைந்தது மூன்று இடத்தில் விலைப்புள்ளி கேளுங்கள். அதில் "குயிக் ஹிட்ச் ஒன்று" என்று மட்டும் இருந்தால் ஏற்காதீர்கள். வகை, அகலம், மேல் கொக்கி உயரம், சட்டத்தின் எடை, எத்தனை புஷ் என்று இருக்க வேண்டும்.

5. கடை வாசலில் காட்டும் செயல்விளக்கம் போதாது. அங்கே சமதளம், புதுக் கருவி. நம் கொட்டகையில், நம் பழைய கலப்பையை, நம் தங்கை மாட்டிக் கழற்றிக் காட்ட வேண்டும். மூன்று முறை. அதன் பிறகுதான் முன்பணம்.

6. பூட்டைப் பாருங்கள். கொக்கி பூட்டியபின் அது தானே திறக்காமல் இருக்க லாக் பின் இருக்கிறதா? பூட்டியது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா? லீவரை நம் தங்கை ஒரு கையால் இழுக்க முடிகிறதா?

7. பொருந்தவில்லை என்றால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வாங்கினாலும் வாங்காவிட்டாலும்

சில வேலைக்குப் பணமே தேவையில்லை. கருவியைக் கழற்றும்போது மேடு பள்ளத்தில் போட்டால் மறுநாள் எந்த ஹிட்சும் நேராக மாட்டாது. சமதளத்தில், பலகை வைத்து, தாங்கு கால் இறக்கி, டிராக்டர் நேராகப் பின்னால் வர வழி விட்டு நிறுத்துங்கள். கழற்றுவதில் பாதிதான் மாட்டுவது என்று ஓட்டுகிற தங்கைகள் சொல்வார்கள். அது சரியான பேச்சு. ஒவ்வொரு கருவிக்கும் டாப் லிங்க் எந்த நீளத்தில் இருக்க வேண்டும் என்று பெயிண்டால் கோடு போட்டு வையுங்கள். மாட்டிய பிறகு, கொஞ்சம் தூக்கி, மூன்று பூட்டையும் கண்ணால் பார்த்து, பிறகுதான் சாலையில் ஏற வேண்டும். கருவியைத் தூக்கிய நிலையில் அதன் அடியில் யாரும் கை விடக் கூடாது. குழந்தைகளைக் கொட்டகைப் பக்கம் விடக் கூடாது.

மாற்றும் வேலையை ஒரே ஒரு தங்கைக்கு மட்டும் சொல்லித்தராதீர்கள். அவள் கல்யாணமாகி வேறு ஊர் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மையத்துக்குக் குறைந்தது மூன்று பேராவது பழக வேண்டும். ஐம்பது வயது அக்காவும் பழகலாம், இதற்குப் பலத்தைவிட முறைதான் முக்கியம்.

சகோதரிகளே, வாடகை மையத்தின் பலகையில் நம் குழுவின் பெயர் இருக்கிறது. வங்கிக் கணக்கில் நம் கையெழுத்து இருக்கிறது. கடன் தவணை நம் பெயரில் போகிறது. ஆனால் ஒரு பின்னை மாட்ட வெளியாள் வர வேண்டும் என்றால், எந்த நாளில் டிராக்டர் ஓடும், எந்த நாளில் நிற்கும் என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். அந்த முடிவு நம் கைக்கு வர வேண்டும். அதற்கு விலை உயர்ந்த ஹிட்ச் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். டேப் வைத்து அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மையமும் அந்த அளவுத் தாளைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே அளவுள்ள மையங்கள் சேர்ந்து விலைப்புள்ளி கேட்டால் விலையும் குறையும். ஒரு மையத்தின் கருவி பழுதானால் இன்னொரு மையத்தின் கருவியை மாட்டி வேலையை முடிக்கவும் வழி பிறக்கும்.